செமஸ்டர் முடியும், சோதனை முடியாது: ஆராய்ச்சிப் படிப்பில் முதல் செமஸ்டரைக் கடப்பது எப்படி

முதல் செமஸ்டர், கடைசிக்கு முந்தின வாரம், இரவு பதினொன்றரை மணி. பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் என்ற சின்ன வளைய டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். இதற்கென்றே கிட் வருகிறது. ஊற்று, சுழற்று, கழுவு, எடு என்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை. பன்னிரண்டு குழாய். கடைசியில் அளந்து பார்த்தால் பன்னிரண்டிலும் ஒன்றுமே இல்லை. அளக்கும் கருவி மேல் சந்தேகப்பட்டு, துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே பூஜ்யம். மறுபடி பாக்டீரியா வளர்த்து மறுநாள் இரவு செய்தேன். பூஜ்யம்.

மூன்றாம் நாள் லேபில் இருந்த சீனியர் அக்கா வந்து, ஒன்றும் பேசாமல் வாஷ் பஃபர், அதாவது கழுவும் கரைசல், இருந்த பாட்டிலைத் தூக்கி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். ‘எத்தனால் சேர்த்தாயிற்று’ என்று டிக் அடிப்பதற்கு அதில் ஒரு சின்னக் கட்டம் அச்சிட்டிருந்தது. கட்டம் காலி. அந்தக் கரைசல் எத்தனால் இல்லாமல்தான் வரும், புதுப் பாட்டிலைத் திறப்பவர்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அழுக்கோடு சேர்த்து டிஎன்ஏவையும் கழுவிக்கொண்டு போய்விடும். பாட்டிலைத் திறந்தது நான்.

எத்தனாலை மறந்ததுகூடப் பரவாயில்லை, எல்லாருக்கும் நடப்பதுதான். அக்கா அடுத்துக் கேட்ட கேள்விதான் உறைத்தது. “சரி, இந்த டிஎன்ஏ உனக்கு இந்த வாரமே எதுக்கு?” என்னிடம் பதில் இல்லை. அந்த டிஎன்ஏ அடுத்த மாதம் கிடைத்திருந்தாலும் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த மூன்று இரவும், நான்கு நாளில் கொடுக்க வேண்டிய ஒரு பாடத்தின் இறுதி ரிப்போர்ட்டுக்காக நான் ஒதுக்கி வைத்திருந்தவை.

அறிவியலில் எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளநிலைப் படிப்பில் செமஸ்டர் முடிந்தால் எல்லாமே முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. ஒரே நேரத்தில் மூன்று கடிகாரம் ஓடுகிறது. பாடங்களுக்கு ஒன்று, அதில் தேதி தெளிவாக இருக்கும். நீங்கள் இளநிலை மாணவர்களுக்கு லேப் வகுப்பு எடுப்பவராகவோ விடைத்தாள் திருத்துபவராகவோ இருந்தால் அதற்கு ஒன்று. அதிலும் தேதி உண்டு. மூன்றாவது உங்கள் சொந்த ஆராய்ச்சி. அதற்குத் தேதியே கிடையாது. தேதி இல்லாத வேலை அமைதியாக ஒரு மூலையில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கைடு (ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர்) தினமும் கண்ணில் படுவார், ஃப்ரீசரில் சாம்பிள் காத்திருக்கும், ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று கை பரபரக்கும். மற்ற இரண்டின் நேரத்தையும் அதுதான் விழுங்கும்.

ஆகவே, செமஸ்டர் கடைசியில் செய்ய வேண்டிய வேலை இரண்டு வகை. முடிக்க வேண்டியதை முடிப்பது ஒன்று. முடியாததை, கெட்டுப்போகாமல் நிறுத்தி வைப்பது இன்னொன்று. புதிதாக வருபவர்கள் இரண்டாவதைக் கற்றுக்கொள்வதே இல்லை, யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

ஐந்து வாரம் இருக்கும்போது: ஒரே தாளில் எல்லாத் தேதியும்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். போனிலும் செய்யலாம், ஆனால் தாள்தான் கண் முன்னால் கிடக்கும். பரீட்சை, அசைன்மென்ட், பிரசன்டேஷன், ரிப்போர்ட், மதிப்பெண் பதிவேற்றும் நாள், லேப் மீட்டிங்கில் நீங்கள் பேச வேண்டிய முறை, மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் நாள், எல்லாவற்றையும் எழுதுங்கள். பாடத்திட்டத் தாளின் ஏதோ ஒரு மூலையில், நீங்கள் மறந்தே போன பத்து சதவீத அசைன்மென்ட் ஒன்று கட்டாயம் இருக்கும். அது ஐந்து வாரத்துக்கு முன்னால் கண்ணில் பட்டால் சிரிக்கலாம்.

அதன் பிறகு நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், இந்த செமஸ்டரோடு முடிந்தே ஆக வேண்டியவை. வலப்பக்கம், முடியாதவை, முடியத் தேவையில்லாதவை. உங்கள் ஆராய்ச்சி வேலையில் பெரும்பகுதி வலப்பக்கம்தான் போகும். எழுதும்போது மனசு ஒப்பாது. எழுதுங்கள்.

வலப்பக்கம் உள்ள ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எந்த நாளில் எதிலிருந்து மறுபடி தொடங்குவேன் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒப்புக்கு எழுதும் வரி அல்ல இது. 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்காத காரியம் வேறு வேலை செய்யும்போது மூளைக்குள் வந்து வந்து தொந்தரவு செய்கிறது. அதை எப்போது எப்படி முடிப்போம் என்று திட்டவட்டமாக எழுதி வைத்தவர்களுக்கோ, காரியம் முடியாமலே அந்தத் தொந்தரவு அடங்கிவிட்டது. ‘பிறகு பார்க்கலாம்’ என்பது திட்டம் ஆகாது. ‘கல்லூரி திறந்த அன்று காலை, ஏழாம் எண் சாம்பிளிலிருந்து’ என்பதுதான் திட்டம்.

அதே வாரத்தில்: கைடிடம் பேசுவது

இதைப் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். கேட்டால் சோம்பேறி என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். உண்மையில் கைடுகளுக்கு எரிச்சல் தருவது, சொல்லாமல் காணாமல் போவது. முன்கூட்டியே சொல்லிவிட்டு லேப் வேலையைக் குறைத்துக்கொள்பவரிடம் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவரும் ஒரு காலத்தில் இந்த மேசையில் உட்கார்ந்தவர்தான்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். “ரொம்ப வேலை இருக்கு, என்ன செய்யட்டும்?” என்று கேட்டால் பதில் எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பதில் முடிவைக் கையோடு கொண்டுபோங்கள். “அடுத்த மூன்று வாரம் புது சோதனை எதுவும் தொடங்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இரண்டில் ஒன்றை இந்த வெள்ளிக்குள் முடிக்கிறேன், இன்னொன்றை ஃப்ரீஸ் செய்து வைக்கிறேன். பரீட்சை முடிந்த திங்களன்று மறுபடி ஆரம்பிக்கிறேன். இதில் தள்ளிப்போடக் கூடாதது ஏதாவது இருக்கிறதா?” கடைசிக் கேள்வி முக்கியம். சில சமயம் நிஜமாகவே இருக்கும்: அவர் கட்டுரையைத் திருத்தி அனுப்ப வேண்டிய நாள், கருவி பழுதுபார்ப்புக்குப் போகும் நாள். அது உங்களுக்கு இப்போதே தெரிந்தால் நல்லது.

நேரில் பேசியதை அன்று மாலையே நாலு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். சாட்சிக்காக இல்லை. அவருக்கு மறந்துவிடும், அதற்காக.

நான்கு வாரம்: கணக்கை இரட்டிப்பாகப் போடுங்கள்

“இந்த ரிப்போர்ட் இரண்டு நாள் வேலை” என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோமே, அதைப் பற்றி 1994இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். போக வேண்டியதெல்லாம் கெட்ட வழியிலேயே போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கு மேல். நம்முடைய மிக மோசமான கற்பனையைவிட நிஜம் ஒரு வாரம் அதிகம் எடுத்துக்கொள்கிறது.

அறிவியல் மாணவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல், நம் வேலை நம் கையில் மட்டும் இல்லை. செல் தன் வேகத்தில்தான் பெருகும். கருவிக்கு முன்பதிவு வேண்டும்; செமஸ்டர் கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் என்எம்ஆர், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (இரண்டும் சேர்மம் எது என்று காட்டும் கருவிகள்), மைக்ரோஸ்கோப் முன்னால் வரிசையில் நிற்பார்கள். பலரும் பகிரும் கணினிக் கொத்தில் ஜாப் (கணக்கு வேலை) போட்டால் அதற்கும் ஒரு வரிசை. சாதாரண நாளில் ஒரு மணியில் தொடங்கும் ஜாப், கடைசி வாரத்தில் மறுநாள்கூடத் தொடங்காமல் கிடக்கும்.

அதனால் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ரிப்போர்ட் 20ஆம் தேதி என்றால், 18ஆம் தேதி முழு வடிவம் கையில். 14ஆம் தேதி படங்கள் எல்லாம் தயார். அப்படியானால் தரவு சேகரிப்பது 10ஆம் தேதியோடு நிற்க வேண்டும். பத்தாம் தேதிக்குப் பிறகு வரும் எந்தத் தரவும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த ரிப்போர்ட்டில் கிடையாது. இந்தத் தேதியைத் தாளில் சிவப்பில் எழுதுங்கள். என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இருப்பதிலேயே அதிகம் பலன் தருவது இந்த ஒரு தேதிதான். கடைசி வாரப் பதற்றத்தில் பாதி, ‘இன்னொரு ரன் போட்டால் நல்ல முடிவு வந்துவிடுமோ’ என்ற ஆசையில் விளைவது.

மூன்று வாரம்: சோதனையை நிறுத்தி வைக்கும் கலை

எந்தச் சோதனையையும் நினைத்த இடத்தில் நிறுத்திவிட முடியாது. நிறுத்தத் தகுந்த இடம் என்று ஒன்று இருக்கும். செய்முறைத் தாளைப் படித்து அந்த இடங்களில் முன்கூட்டியே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

செல் வளர்ப்பவர்கள்: பரீட்சை வாரத்தில் இரண்டு நாளுக்கொருமுறை பாஸேஜ் செய்ய (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்ற) ஓடி வர வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும்போதே, உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓவைப் பத்து சதவீதம் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு குழாயை மட்டும் உருக்கி உயிரோடு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் தட்டில் இருப்பதைக் கொட்ட வேண்டும். பார்க்காமல் கொட்டிவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

பாக்டீரியா என்றால் இன்னும் சுலபம். கிளிசராலில் கலந்து (கிளிசரால் ஸ்டாக் என்பது இதுதான்) மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். ஆர்என்ஏ எடுப்பவர்கள், திசுவை டிரைசால் என்ற பிரித்தெடுக்கும் கரைசலில் கரைத்த கட்டத்தில் மைனஸ் எண்பதில் வைத்துவிட்டுப் போகலாம். பிரித்தெடுத்த ஆர்என்ஏவாக மேசை மேல் விட்டுவிட்டுப் போக முடியாது.

வேதியியல்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், சிலிக்கா காலம் (column, கலவையைப் பிரிக்கும் குழாய்) ஓடும்போது பாதியில் எழுந்து போக முடியாது. ஒரு இரவு முழுக்கப் போய்விடும். வொர்க்கப் (வினை முடிந்ததும் கழுவிப் பிரிப்பது) முடித்து, கரைப்பானை ஆவியாக்கி, பெயரெழுதிக் குளிரில் வைப்பது வரை செய்யுங்கள். அந்தக் குழாயைப் பரீட்சைக்குப் பிறகு ஓட்டலாம். சாம்பிளை என்எம்ஆர் குழாயிலேயே டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கரைப்பான் நாளாக ஆகச் சிறிது அமிலமாகும். அமிலம் பட்டால் சிதையும் சேர்மம் என்றால் திரும்பி வரும்போது குழாயில் வேறு ஏதோ இருக்கும்.

கணினியில் வேலை செய்பவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். மூன்று வாரம் கழித்து வந்து ‘ஃபைனல்2_புதுசு_உண்மையான’ என்ற கோப்பைத் திறக்கும்போது தெரியும். ஒரு சின்ன ரீட்மீ கோப்பு எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, எந்த அளவுருக்கள், எந்த ரேண்டம் சீட் (தற்செயல் எண்களின் தொடக்க எண்), அடுத்து ஓட்ட வேண்டிய கட்டளை எது. நீண்ட சிமுலேஷன் என்றால் செக்பாயின்ட், அதாவது பாதியில் நின்றால் தொடர உதவும் சேமிப்பு, எழுதுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போன அன்று ஒன்பது நாள் கணக்கு காற்றில் போகும்.

எல்லாருக்கும் பொதுவானது லேபிள். பெயர், தேதி, என்ன பொருள், நோட்புக் பக்க எண். ‘1, 2, 3’ என்று மட்டும் எழுதிய குழாய் மூன்று வாரத்தில் அநாதை ஆகிவிடும். சாதாரண மார்க்கர் எத்தனால் பட்டால் அழிந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு வாரம்: ரிப்போர்ட்

முன்னுரையிலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். அதில் உட்கார்ந்தால் பதினெட்டுக் கட்டுரை படித்துவிட்டு, ஒரு பத்தி எழுதியிருப்பீர்கள். முதலில் படங்கள். நாலைந்து படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் அது சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். அந்த வாக்கியங்களைக் கோத்தால் முடிவுகள் பகுதி பாதி தயார். அடுத்து செய்முறை, அது நோட்புக்கில் இருக்கிறது, மூளை களைத்த மாலையில்கூட எழுதலாம். பிறகு விவாதம். கடைசியில் முன்னுரை, சுருக்கம்.

மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். ஜொடேரோ மாதிரி ஒரு இலவச மென்பொருளை இப்போதே பழகிக்கொண்டால் ஆய்வேடு வரைக்கும் உதவும். காப்பு நகல் விஷயத்தில் மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு பழைய விதி உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். மடிக்கணினியும் அதே பையில் இருக்கும் பென்டிரைவும் ஒரே நகல்தான். பை போனால் இரண்டும் போகும்.

சோதனை வேலை செய்யவில்லை என்றால்? அதை அப்படியே எழுதுங்கள். எதை எதிர்பார்த்தீர்கள், எது வந்தது, ஏன் என்று நினைக்கிறீர்கள், உறுதிப்படுத்த எந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை வேண்டும். பாட ரிப்போர்ட் திருத்துகிற ஆசிரியருக்கு, தெளிவாக விளக்கிய தோல்வி, விளக்கமில்லாத வெற்றியைவிடப் பிடிக்கும். நானும் பிறகு ரிப்போர்ட் திருத்தியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நிற்கும். அதை நீக்கினால் படம் அழகாகிவிடும். ‘அன்றைக்கு பிப்பெட் சரியில்லை போலிருக்கிறது’ என்று ஒரு காரணமும் தானாகவே தோன்றும். அந்தக் காரணம் அன்றே நோட்புக்கில் எழுதப்பட்டிருந்தால் நீக்கலாம், நீக்கியதையும் ரிப்போர்ட்டில் சொல்ல வேண்டும். இன்றிரவு தோன்றிய காரணம் என்றால் புள்ளி அங்கேயே இருக்கட்டும். தப்பு செய்ய வேண்டும் என்று யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. களைப்பில், டெட்லைனுக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போதுதான் கை அந்தப் பக்கம் போகும். தரவு சேகரிப்பைப் பத்தாம் தேதியே நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே இரண்டு வாரம்: பரீட்சைக்குப் படிப்பது

நோட்ஸை நாலு தடவை வாசிப்பது படித்த மாதிரியே இருக்கும். 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

நமக்கு இதன் பொருள்: வெறும் தாளை எடுத்து, நிரூபணத்தையோ வினை வழிமுறையையோ சமிக்ஞைப் பாதையையோ முதலிலிருந்து எழுதுங்கள். மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள். பழைய வினாத்தாள் கிடைத்தால் நேரம் வைத்து எழுதுங்கள். புத்தகம் பார்த்து எழுதும் பரீட்சை என்றால் இன்னும் உஷார். எதைத் தேடுவது என்று தெரியாதவருக்கு எழுநூறு பக்கப் புத்தகம் உதவாது.

எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதையும் யோசியுங்கள். இதுவரை வகுப்பில் முதலாக வந்தவர்கள்தான் இங்கே வருகிறார்கள், அதனால் எல்லாப் பாடத்திலும் முதலாக வர வேண்டும் என்ற பழக்கம் விடாது. உங்கள் துறை கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண் என்ன, உதவித்தொகைக்கு ஏதாவது நிபந்தனை உண்டா என்று பாருங்கள். உங்கள் ஆராய்ச்சிக்கு அடித்தளமான பாடத்தில் முழு உழைப்பு. மற்றதில் அந்த வரம்பைத் தாராளமாகத் தாண்டினால் போதும். இதை ஒத்துக்கொள்ள எனக்கு மூன்று செமஸ்டர் ஆனது.

திருத்த வேண்டிய கட்டு

விடைத்தாள் கட்டு கையில் இருந்தால், ஒரு மாணவரின் தாளை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாத் தாளிலும் இரண்டாவது கேள்வி. வேகம் கூடும், ஒரே தப்புக்கு எல்லாருக்கும் ஒரே அளவு மதிப்பெண் குறையும். முதல் பத்துத் தாளைப் பார்த்த பிறகு மதிப்பெண் திட்டத்தைத் திருத்திக்கொண்டு, அந்தப் பத்தையும் மறுபடி பாருங்கள். உங்கள் சொந்தப் பரீட்சைக்கு முந்தின இரவு இந்தக் கட்டைத் தொட வேண்டாம். எரிச்சல் அந்தப் பிள்ளைகள் தலையில் இறங்கும்.

கடைசி வாரம்: தூக்கம்

‘தூங்குங்கள்’ என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரியும். அதனால் ஒரு கணக்கு மட்டும். 1997இல் டாசன், ரீட் இருவரும் நேச்சர் இதழில் எழுதினார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதத்துக்குச் சமம். குடித்துவிட்டு வந்த ஒருவரை நீங்கள் பியூம் ஹூட் (நச்சுப் புகையை உறிஞ்சும் பெட்டி) முன்னால் நிற்க விடுவீர்களா? காலை ஏழுக்கு எழுந்தவருக்கு நள்ளிரவில் பதினேழு மணி நேரம் ஆகிவிடுகிறது. என் எத்தனால் கதையும் அந்த நேரத்தில்தான் நடந்தது. வாஷ் பஃபரோடு போனது. அடர் அமிலமாகவோ தீப்பற்றும் கரைப்பானாகவோ இருந்திருந்தால்?

ஆகவே கண்டிப்பாக ஒரு விதி: இரவு பத்துக்கு மேல் லேபில் தனியாக, ஆபத்தான எதையும் தொடுவதில்லை. இரவில்தான் வேலை செய்தாக வேண்டுமென்றால் எழுதுங்கள், படம் வரையுங்கள்.

காபிக்கும் ஒரு கணக்கு. காஃபீனின் அரை ஆயுள் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மாலை ஆறுக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். மதியத்தோடு நிறுத்திக்கொண்டால் படுத்ததும் தூக்கம் வரும். படித்தது மூளையில் தங்குவதற்கும் அந்தத் தூக்கம்தான் வேண்டும்.

கைமீறிப் போனால்

2018இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் ஓர் ஆய்வு வந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர், பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்கள், பதில் சொன்னார்கள். அவர்களில் 41 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றம், 39 சதவீதம் பேருக்கு அதே அளவில் மனச்சோர்வு. தானாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது, எல்லாருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பக்கத்து மேசைக்காரர் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சமாளிப்பதாக உங்களுக்குத் தோன்றினால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் உங்கள் முகம் அப்படித்தான் தெரிகிறது.

சாதாரண பரபரப்பு, வேலை முடிந்தால் இறங்கும். அசைன்மென்ட் கொடுத்த பிறகும் நெஞ்சு படபடப்பது, படுத்தாலும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல் இருப்பது, சாப்பாடு இறங்காமல் போவது, லேப் கதவைப் பார்த்தாலே திரும்பிப் போகத் தோன்றுவது, இவை வேறு ரகம். கல்வி நிறுவனங்கள் பலவற்றில் மனநல ஆலோசகர் இருக்கிறார். ஆனால் செமஸ்டர் கடைசியில் அங்கேயும் கூட்டம், அதனால் மூன்று வாரம் இருக்கும்போதே நேரம் வாங்கிக்கொள்ளலாம். உயிரோடு இருப்பதே பாரம் என்ற எண்ணம் வந்தால் நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசர உதவி எண்ணை அழையுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். ரிப்போர்ட் கிடக்கட்டும்.

கூடுதல் அவகாசம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. டெட்லைனுக்கு முன்னால் கேட்க வேண்டும். கதை சுருக்கமாக, கோரிக்கை தெளிவாக. “இரண்டு நாள் உடம்பு சரியில்லை. முடிவுகள் பகுதி வரை எழுதியிருக்கிறேன், இணைத்திருக்கிறேன். வெள்ளி மாலை வரை நேரம் கிடைக்குமா?” என்று, செய்ததைக் காட்டிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும். பல இடங்களில் ஒரு பாடத்தை ‘இன்கம்ப்ளீட்’ என்று போட்டு அடுத்த செமஸ்டரில் முடிக்கவும் வழி உண்டு. அதற்கான விண்ணப்ப நாள் எது என்பதையும் அந்த முதல் தாளில் எழுதி வையுங்கள். பயன்படாமல் போனால் சந்தோஷம்.

கடைசி நாள்

பரீட்சை முடிந்த அன்றே லேபுக்கு ஓடி, நிறுத்தி வைத்ததை எடுத்து ஆரம்பிக்கத் தோன்றும். வேண்டாம். அன்றைக்கு அரைமணி நேரம் மட்டும் லேபில் இருந்தால் போதும். உங்கள் மேசையைத் துடையுங்கள். பொது ஃப்ரிட்ஜில் உங்கள் பெயரில் இருக்கும் பழைய தட்டுகளைக் கழித்துவிடுங்கள், அதற்கான கழிவுப் பையில். தீர்ந்துபோன பொருட்களைப் பட்டியலில் எழுதுங்கள். நீங்கள் இல்லாத நாளில் ஃப்ரீசர் அலாரம் அடித்தால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒட்டுங்கள். பிறகு நோட்புக்கின் அடுத்த வெற்றுப் பக்கத்தில், திரும்பி வரும் நாளின் தேதியைப் போட்டு, அன்று செய்ய வேண்டிய முதல் வேலையை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது வேலை வேண்டாம்.

என் பழைய நோட்புக்கில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. “மைனஸ் எண்பது, மூன்றாம் தட்டு, நீலப் பெட்டி, கிளிசரால் ஸ்டாக் 12. முதல் வேலை: நாலை மட்டும் வளர்த்து பிளாஸ்மிட் எடுப்பது.” அதற்குக் கீழே, வேறு பேனாவில், அக்காவின் கையெழுத்தில் ஒரு சின்னக் கட்டம் வரைந்து டிக் அடித்திருக்கிறது: “எத்தனால் சேர்த்தாயிற்று.”